அந்த அப்பாச்சி வேறு

மதிப்புக்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழின் சொல்லாராய்ச்சிப் பக்கத்தில், அமெரிக்கப் பழங்குடியினரான அப்பாச்சி இனத்தாரின் பெயரே அவர்கள் தமிழ் வழியினர் என்பதற்குச் சான்று என்று ஒரு வரி வந்திருந்தது. அப்பாவின் ஆச்சி அப்பாச்சி என்ற விளக்கம் வேறு. என்னை மடியில் போட்டு வளர்த்தவர் என் அப்பாச்சி. அந்தச் சொல்லை ஒரு பொய்க்கு முட்டுக் கொடுக்க எடுத்தது எனக்கு வலித்தது.

அது அம்மக்கள் தமக்குச் சூட்டிக்கொண்ட பெயரே அல்ல என்பது தாங்கள் அறியாததா? 1598இல் ஸ்பானியரின் பதிவில் ஏறிய பெயர் அது. அயலவரான சூனி மக்களின் மொழியில் ‘பகைவர்’ என்று பொருள்படும் சொல்லிலிருந்து வந்தது என்பதே பரவலான கருத்து. அப்பாச்சியர் தங்களை ‘இந்தே’ என்பார்கள். மக்கள் என்று பொருள். பகைவர் என்று அழைத்த பெயருக்குள் நம் பாட்டியைத் தேடுவது ஆராய்ச்சியா?

அவர்களுடைய மொழிக்கு உறவான மொழிகள், நான் இருபத்தாறு ஆண்டுகளாக வாழும் இந்தக் கனடாவின் வடமேற்கிலும் அலாஸ்காவிலும் பேசப்படுகின்றன. அத்தபாஸ்கன் குடும்பம் என்பார்கள். முதியோர் இல்லச் சமையலறையில் என்னோடு வேலை செய்த, அம்மொழிகளில் ஒன்றைப் பேசும் டெனே இனப் பெண் தண்ணீரைத் ‘தூ’ என்பார். இங்கிருந்து இரண்டாயிரம் கிலோமீட்டருக்கு அப்பால், அரிசோனாவின் அப்பாச்சியருக்கும் தண்ணீர் ‘தூ’தான், அவர்களுக்கு உறவான நவஹோ மக்களுக்கு ‘தோ’. “தெற்கே போன எங்கள் ஆட்கள்” என்று அவர் சொல்லும்போது முகம் மலரும். அந்த உறவை அவரிடமிருந்து பறித்து நமக்கு எழுதிக்கொள்ள நாம் யார்?

ஆத்திரம் இந்த ஒரு வரியோடு நிற்கவில்லை. சென்ற ஆண்டு அப்பாச்சிப் போர்த்தலைவர் ஜெரோனிமோவைக் கொள்ளைக்கூட்டத் தலைவன் என்று எழுதினீர்கள். 1851இல் மெக்சிகோப் படையினர் அவருடைய தாயையும் மனைவியையும் மூன்று பிள்ளைகளையும் கொன்றதைப் பற்றி ஒரு சொல் இல்லை. 1886இல் அவர் அமெரிக்கப் படையிடம் சரணடைந்த பின், அவருடைய பிரிவினரான சிரிகாவா அப்பாச்சி மக்கள் குழந்தைகளோடு புளோரிடாவுக்கு ரயிலேற்றப்பட்டார்கள். அமெரிக்கப் படைக்கு வழிகாட்டிகளாக உழைத்த சிரிகாவா ஆண்களையும் விடவில்லை. புளோரிடா, அலபாமா, ஒக்லஹோமா என்று இருபத்தேழு ஆண்டுகள் போர்க்கைதிகளாகவே வைத்திருந்தார்கள். ஜெரோனிமோ 1909இல் கைதியாகவே இறந்தார். முகாமில் பிள்ளையைப் பெற்றவள் நான். இருபத்தேழு ஆண்டு என்பதை என்னால் எண்ணிப் பார்க்க முடிகிறது. நீங்கள் போட்ட ஓவியத்திலோ அவருக்கு நீண்ட இறகுக் கிரீடம்! 1886இல் எடுத்த புகைப்படத்தில் அவர் தலையில் இருப்பது வெறும் துணிக்கட்டு. அப்போதும் நான்கு பக்கக் கடிதம் எழுதினேன். பதில் இல்லை, இடப்பற்றாக்குறை என்று நினைத்து மனதைத் தேற்றிக்கொண்டேன்.

தமிழுக்குப் பெருமை சேர்க்க இன்னொரு மக்களின் வரலாறு வேண்டியதில்லை. நாற்பது ஆண்டு வாசகியாகக் கேட்கிறேன்: அடுத்த இதழில், அதே பக்கத்தில், அதே அளவு எழுத்தில், இரண்டு வரித் திருத்தம் போடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆசிரியை,
எட்மன்ரன்