ரைஸ்மில் சுவர் பற்றி தம்பிக்கு

தம்பிக்கு,

அம்மா எழுதிக்கொள்வது. இங்கே எல்லோரும் சுகம். அப்பாயிக்கு வலது கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது, சொட்டு மருந்து போய்க்கொண்டிருக்கிறது. சம்பா அறுத்தாயிற்று, உளுந்து தெளிவாக முளைத்திருக்கிறது. மற்ற சேதியெல்லாம் அக்கா சொல்லியிருப்பாள். அவள் போனை மட்டும்தானே நீ எடுக்கிறாய்.

நீ படம் வரைந்த ரைஸ்மில் சுவரைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்தேன். அந்தப் படத்தின் மேல் யார் வெள்ளையடித்தார்கள், யார் சொல்லி அடித்தார்கள் என்பதெல்லாம் வேண்டாம், நீயும் கிளறாதே. "வெறும் சுவர்க்கிறுக்கல்தானே, போகட்டும்" என்று அக்காவுக்கு எழுதியிருக்கிறாய். அந்த வரியை அவள் எனக்குக் காட்டியிருக்க வேண்டாம். காட்டிவிட்டாள். அதற்குத்தான் இந்தக் கடிதம்.

கிறுக்கல் என்று நீ சொல்லாதே. நீ வரைந்த, கோணி தைக்கிற அந்தக் கையை நான் பக்கத்தில் போய்ப் பார்த்திருக்கிறேன். ஊசிக் காதில் நுழைகிற சணலின் முறுக்கை ஒரே இழுப்பில் போட்டிருந்தாய். ஸ்ப்ரே கேன் சுவருக்கு நாலு விரல் தள்ளி இருந்தால்தான் அப்படிக் கூரான கோடு வரும். இன்னும் தள்ளினால் ஓரம் புகைந்து போகும், ஒட்டிப் பிடித்தால் குமிழ் கட்டும், கை ஒரு நொடி நின்றால் வழியும். பதினாலு அடி உயரத்தில் சாரத்தில் நின்றுகொண்டு, மணிக்கட்டை ஆட்டாமல் தோளிலிருந்து இழுத்த கோடு அது. மணிக்கட்டால் இழுத்திருந்தால் வளைவு நடுவில் உடைந்திருக்கும். தாளில் வரைகிற பிள்ளைகளுக்கே இது சுலபத்தில் வராது. இதைக் கலை என்று சொல்ல இன்னொருவர் சீட்டு எழுதித் தர வேண்டியதில்லை.

ஆனால் கலை என்பதாலேயே எதையும் காப்பாற்றியாக வேண்டும் என்று நான் சொல்லமாட்டேன். இது இரண்டையும் நீ ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்கிறாய். அதனால்தான் காப்பாற்றவில்லை என்றதும் கலையே இல்லை என்று முடிவு கட்டுகிறாய்.

முதலில் எது கூடாது என்பதைச் சொல்லிவிடுகிறேன். தாராசுரத்துக் கல்லிலோ பெரிய கோயில் மதிலிலோ ஒருவன் பெயிண்ட் அடித்தால், அவன் எவ்வளவு பெரிய கைக்காரனாக இருந்தாலும் நான் அவன் பக்கம் நிற்கமாட்டேன். பாதுகாக்கப்பட்ட சின்னத்தைச் சேதப்படுத்தினால் 2 ஆண்டு வரை சிறை, 1 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் என்று 2010இல் சட்டத்தைக் கடுமையாக்கியிருக்கிறார்கள். அது சரிதான். பெயிண்ட் கல்லின் துளைக்குள் இறங்கிவிடும். கரைப்பான் போட்டு எடுக்கப் போனால் சாயம் கரைந்து இன்னும் ஆழமாக இறங்கும். தண்ணீரைப் பீய்ச்சினால் கல்லின் மேல்தோலே போய்விடும். இத்தாலியில் எரிமலை புதைத்த பழைய பாம்பேய் நகரத்தில் 11,000க்கும் மேல் சுவரெழுத்துகளைக் காத்து வைத்திருக்கிறார்களே என்பாய். அவை அந்த ஊர்க்காரர்கள் தங்கள் காலத்தில், தாங்கள் வாழ்ந்த சுவரில் எழுதியவை. இன்றைக்கு ஒருவன் அங்கே போய்ப் பெயரைக் கீறினால் அது வேறு கணக்கு.

ரைஸ்மில் சுவர் அப்படிப்பட்டதில்லை. மில்லு மாமா கேட்டுக்கொண்டு, ஊரே நின்று பார்க்க வரைந்தது.

மேலே பூசிவிட்டால் எல்லாம் முடிந்தது என்று நினைக்கிறாயே, அதைத்தான் என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை. தஞ்சாவூரில் பிறந்த பிள்ளை இதைச் சொல்லலாமா? பெரிய கோயில் கருவறையைச் சுற்றின உள்சுற்றில் சோழர் காலத்து ஓவியத்தின் மேல் நாயக்கர் காலத்தில் புதிதாகக் காரை பூசி வேறு ஓவியம் எழுதினார்கள். அடியில் ஒன்று இருப்பதே 1931இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்து எஸ்.கே. கோவிந்தசாமி கண்டு சொன்ன பிறகுதான் வெளியே தெரிந்தது. மேலே இருந்த பூச்சுதான் அத்தனை காலமும் விளக்குப் புகையையும் கைபடுவதையும் தாங்கிக்கொண்டது. பிறகு என்ன செய்தார்கள்? பழசு வேண்டும் என்று புதுசைச் சுரண்டிப் போடவில்லை. தொல்லியல் துறையார் நாயக்கர் ஓவியங்கள் 16ஐ மேல்பூச்சோடு சேர்த்து உரித்தெடுத்து, ஃபைபர் கிளாஸ் பலகையில் ஏற்றித் தனியாக வைத்தார்கள். கீழே சோழர் ஓவியம் வெளிவந்தது. இரண்டும் இருக்கிறது.

உன் சுவருக்கு அந்த வைத்தியம் தேவையில்லை. ஆனால் கேள்வி அதேதான்: மேலே இருப்பது என்ன, அடியில் இருப்பது என்ன, இரண்டும் ஒன்றையொன்று எப்படிப் பிடித்திருக்கிறது. இதைக் கவனமாகப் படி.

நீ வெளிச்சுவர் எமல்ஷனில் தளம் கொடுத்து அதன் மேல் ஸ்ப்ரே அடித்தாய். இரண்டும் படலமாக நிற்கிறவை. அதன் மேல் அடித்தது வெறும் சுண்ணாம்பாக இருந்தால் அது பிடிக்காது. சுண்ணாம்பு சுவருக்குள் இறங்கி, காற்றிலிருக்கும் கரியமில வாயுவை வாங்கிக் கல்லாக இறுகித்தான் ஒட்டும். உறிஞ்சாத படலத்தின் மேல் அது வெறும் மாவாக உட்கார்ந்திருக்கும். பெவிகால் கலந்திருந்தால் கொஞ்சம் அடம்பிடிக்கும். அடித்தது வெள்ளை எமல்ஷன் என்றால் அதை மறந்துவிடு. இரண்டு படலமும் ஒன்றாகிப்போயிருக்கும், பிரித்தால் உன் படமும் கூட வரும்.

எது என்று கண்டுபிடிக்க, ஈரப் பஞ்சால் பத்துத் தடவை அழுத்தித் தேய்த்துப் பார்க்க வேண்டும். பஞ்சு பால்போல வெளுத்து, கையில் மாவு ஒட்டினால் சுண்ணாம்பு அல்லது மலிவு டிஸ்டெம்பர். ஒன்றும் வரவில்லை என்றால் எமல்ஷன். நான் வீதிப்பக்கம் போகிறபோது விரலால் தேய்த்துப் பார்த்தேன். வெள்ளையாக ஒட்டிற்று. மேலே இறவாரம் பக்கம் ஒரு சாண் அளவுக்குச் செதிலாக எழும்பியும் நிற்கிறது, அடியில் உன்னுடைய அந்த நீலம் தெரிகிறது. இதைச் சொல்லத்தான் மூன்று தரம் போன் போட்டேன்.

நீ வந்தால் செய்யவேண்டியது இது. மூன்று இடத்தில், ஒவ்வொன்றும் பத்து சென்டிமீட்டர் சதுரத்துக்கு, மேல் வெள்ளையை மட்டும் எடுத்து ஒரு ஜன்னல் திறக்க வேண்டும்: தரையிலிருந்து இரண்டடியில் ஒன்று, மார்பு உயரத்தில் ஒன்று, இறவாரத்துக்குக் கீழே ஒன்று. காலை நிழலில் செய். கைத்தெளிப்பானால் பனிபோலத் தண்ணீர் விட்டு ஐந்து நிமிடம் ஊறவிடு. மூங்கில் பத்தையைச் சுவரோடு படுக்கையாகப் பிடித்துத் தள்ளு, நிமிர்த்திப் பிடித்தால் கீறிவிடும். பிறகு மெல்லிய நைலான் பிரஷ், கடைசியாக ஈரப் பஞ்சு. பஞ்சில் வெள்ளைக்குப் பதில் நிறம் தெரிந்தால் அந்த நிமிடமே நிறுத்து. கம்பி பிரஷ், உப்புத்தாள், ஆசிட், கார் கழுவுகிற பிரஷர் மெஷின் ஒன்றும் கூடாது. ஆசிட் சுண்ணாம்பைக் கரைக்கும் என்று யாராவது யோசனை சொல்வார்கள். கரைக்கும்தான், கூடவே உள்ளே இருக்கிற காரையையும் கரைக்கும்.

மூன்று ஜன்னலும் ஒரேமாதிரி வராது. கீழே இருப்பது போயிருக்கும், அதற்கு இப்போதே மனதைத் தயார் செய்துகொள். அது வெள்ளையடித்ததால் போனதில்லை. நம் பக்கத்து மண்ணில் ஐப்பசி, கார்த்திகை மழைக்குப் பிறகு ஈரம் செங்கல் வழியாக மூன்றடி வரை ஏறும். ஏறுகிற தண்ணீர் உப்பைக் கொண்டுவரும். மாசி, பங்குனியில் சுவர் காயும்போது அந்த உப்பு உன் பெயிண்டுக்குப் பின்னால் பூத்து, படலத்தை முதுகிலிருந்து தள்ளும். பழைய காரைச்சுவர் மூச்சுவிட வேண்டும். எமல்ஷன் அதன் வாயை அடைத்துவிட்டது. வரையும்போதே சொன்னேன், நீ கேட்கவில்லை. அதன் மேல் நிறமில்லாத கிளியர் கோட் பூச்சு வேறு போடலாமா என்று கேட்டாய். போட்டிருந்தால் இரண்டே மழையில் பால்பூத்து உரிந்திருக்கும்.

கீழ் மூன்றடியை மட்டும் கொத்திவிட்டுப் புதுக்காரை போடலாம். நீற்றி, குறைந்தது பதினைந்து நாள் ஊறின சுண்ணாம்பு ஒரு பங்கு, சலித்த ஆற்று மணல் மூன்று பங்கு, கடுக்காயும் வெல்லமும் ஊறின தண்ணீர். சிமெண்ட் ஒரு கரண்டிகூட வேண்டாம், அது உப்பை மூன்றடிக்கும் மேலே தள்ளிவிடும். அங்கே நிறத்துக்குக் காவிக்கல், மஞ்சள் காவி, கரி போதும், சுண்ணாம்பு அவற்றை ஒன்றும் செய்யாது. அந்த ஒளிர்கிற ரோஸ் கலரை இனித் தொடாதே. மேற்கு வெயில் அதை ஒரு கோடையிலேயே தின்றுவிட்டது, வெள்ளையடிக்கிறதுக்கு முன்னாலேயே அது வெளுத்துப்போய்த்தான் இருந்தது.

பெர்லின் நகரை முன்பு இரண்டாகப் பிரித்த சுவரில் மிஞ்சியிருக்கிற பகுதியில் 1990இல் வரைந்த படங்கள் இப்படியே உரிந்துபோய், 2009இல் சுவரைச் செப்பனிட்டு, வரைந்தவர்களையே கூப்பிட்டுத் திரும்ப வரையச் சொன்னார்கள். சிலர் மாட்டேன் என்றார்கள். நீ எந்தப் பக்கம் நிற்பாய் என்று எனக்குத் தெரியவில்லை. எனக்கு என்னவோ, அதே கை அதே சுவரில் திரும்ப எழுதினால் அதில் தப்பில்லை என்றுதான் படுகிறது. நியூயார்க்கில் ஒரு கட்டடத்தில் படங்களை 2013இல் ராத்திரியோடு ராத்திரியாக வெள்ளையடித்தார்கள். 45 படங்களுக்காக 67.5 லட்சம் டாலர் கொடுக்கச் சொல்லி 2018இல் தீர்ப்பானது. நம் நாட்டிலும் அமர்நாத் சேகல் வழக்கில், விஞ்ஞான் பவனில் அவர் செய்த சுவர்ச்சிற்பத்தை 1979இல் பெயர்த்துப் போட்டதற்கு டெல்லி உயர் நீதிமன்றம் 2005இல் 5 லட்சம் ரூபாய் கொடுக்கச் சொன்னது. இதை எழுதுவது உன்னை வழக்குப் போடச் சொல்வதற்கில்லை. வேண்டாம், தயவுசெய்து வேண்டாம். செய்தவனுக்குத் தன் படைப்பின் மேல் ஒரு பாத்தியதை உண்டு என்று கோர்ட்டே சொல்லியிருக்கிறது, நீயே இல்லை என்றால் எப்படி?

இத்தாலியில் போலோனா நகரத்தில் ப்ளூ என்கிற ஓவியர், தெருவிலிருந்து படங்களைப் பெயர்த்துக் கண்காட்சி வைக்கப்போகிறார்கள் என்றதும், 2016இல் தன் படங்களைத் தானே சாம்பல் நிறப் பெயிண்ட் பூசி அழித்தார். அது அவர் எடுத்த முடிவு, கோபத்தோடு எடுத்தது. உன்னுடையதை வேறொருவர் அழித்தார். அதற்கு நீ ஏன் பிரஷைக் கீழே வைக்க வேண்டும்? வைத்துவிட்டாய் என்று அக்கா சொல்லவில்லை, நானாகத்தான் நினைத்துக்கொள்கிறேன். இல்லை என்றால் இல்லை என்று ஒரு வரி எழுது.

மில்லு மாமா "தம்பி வந்தா பாக்கச் சொல்லுங்க டீச்சர்" என்று இரண்டு தரம் சொல்லிவிட்டார். இந்தத் தரம் வாய்ப்பேச்சு போதாது. வெள்ளைத்தாளில் எழுதி வாங்கிவிடுவோம்: எந்தச் சுவர், எத்தனை அடிக்கு எத்தனை அடி, எத்தனை வருஷம், வெள்ளையடிக்கவோ இடிக்கவோ போனால் முப்பது நாள் முன்னால் உனக்குச் சொல்ல வேண்டும் என்பது. அந்த முப்பது நாள்தான் முக்கியம். அதற்குள் சரியாகப் படம் எடுத்துவிடலாம். போன தரம் உன்னிடம் இருந்ததெல்லாம் நீயும் சிநேகிதர்களும் முன்னால் நின்று எடுத்த போட்டோதான், படம் பாதி மறைந்திருக்கிறது. மேகமூட்டமான காலையில், கேமராவைச் சுவருக்கு நேராக வைத்து, ஒவ்வொரு படமும் அடுத்ததன்மேல் முக்கால்வாசி படியும்படி வரிசையாக எடு. ஓரத்தில் அளவு நாடாவும் நிற அட்டையும் தெரியட்டும். இருட்டினதும் டார்ச்சைச் சுவரோடு ஒட்டிப் பக்கவாட்டில் பிடித்து இன்னொரு வரிசை, வெடிப்பும் உப்பலும் அதில்தான் தெரியும். எந்த கேன், எந்த நம்பர் என்று எழுதி வை. வருஷம் கழித்து அதே நீலம் வேண்டுமென்றால் கடைக்காரனுக்குக் கண்ணால் காட்ட முடியாது.

மாஸ்க் போடுகிறாயா? என்95 தூசியைத்தான் தடுக்கும், ஸ்ப்ரே பெயிண்டில் இருக்கிற சைலீன் ஆவி அதற்குள் தாராளமாகப் போகும். ஆர்கானிக் வேப்பர் கார்ட்ரிட்ஜ் இருக்கிற, மூக்கும் வாயும் மூடுகிற ரப்பர் மாஸ்க் வேண்டும், முன்னால் தூசி ஃபில்டரோடு. வேலை முடிந்ததும் கார்ட்ரிட்ஜை இறுக மூடின டப்பாவில் வை, திறந்து கிடந்தால் சும்மாவே தீர்ந்துவிடும். போட்டிருக்கும்போதே பெயிண்ட் வாசனை வந்தால் மாற்று. பொங்கலுக்கு முன்னால் போனில் நீ இருமினது இன்னும் என் காதில் இருக்கிறது. டாக்டரிடம் போனாயா என்று அக்காவிடமும் சொல்லவில்லை. சமைத்துச் சாப்பிடு, கடைப் புரோட்டாவே கதி என்று கிடக்காதே. மாஸ்க்கை மறக்காதே.

பங்குனிக் கடைசியில் சுவர் நன்றாகக் காய்ந்திருக்கும், அதுதான் தோது. சித்திரைக் கோடைமழை பிடித்தால் ஜன்னல் திறக்க முடியாது, பிறகு ஆடிக்காற்றில் சாரம் கட்ட முடியாது. அப்பா சவுக்கு மரமும் கயிறும் சொல்லி வைத்திருக்கிறார், நீ வருகிற தேதி சொன்னால் ஆள் வந்து கட்டிவிடும். கைத்தெளிப்பான் வீட்டில் இருக்கிறது, அப்பாயி துளசிக்கு அடிப்பது. மூங்கில் பத்தை நான் சீவி வைக்கிறேன். நைலான் பிரஷ் இரண்டு அங்குலத்தில் மூன்று, நிற அட்டை, கார்ட்ரிட்ஜ் ஒரு ஜோடி, இந்த மூன்றும் கும்பகோணத்தில் சரியாகக் கிடைக்கவில்லை. மெட்ராஸிலிருந்து வாங்கி வா.

டிக்கெட் போட்டதும் எனக்கே போன் செய், அக்காவுக்கு அல்ல.

அம்மா