உவர்மலை ஓட்டோ அண்ணாவுக்கு நன்றி

பிறந்து ஒரு கிழமை ஆன தெருநாய்க் குட்டிகளின் மேலெல்லாம் தெள்ளு. பார்த்தவர்கள் மண்ணெண்ணெய், கற்பூரம், பூச்சித்தூள் என்று ஆளுக்கொன்று சொல்ல, நீங்கள் ஓட்டோவை நிறுத்தி இறங்கி வந்து, "ஒண்டும் போடாதேங்கோ, குட்டி நக்கினாலே நஞ்சு" என்றீங்கள்.

யாரும் கேட்காமலே பேன்சீப்பும் சவர்க்காரத் தண்ணியும் எடுத்து நிலத்தில் குந்தினீங்கள். ஒவ்வொரு இழுப்புக்கும் சீப்பைத் தண்ணியில் முக்கினால்தான் தெள்ளு தாழும். வெறும் தண்ணியில் மிதந்து திரும்பப் பாய்ந்துவிடும். நிறைய மொய்த்திருந்த குட்டிக்கு மட்டும் இளஞ்சூட்டுத் தண்ணி. முதலில் கழுத்தைச் சுற்றி நுரை, இல்லாவிட்டால் தெள்ளு கண்ணுக்கும் காதுக்கும் ஏறும். தலையை நனைக்கவே இல்லை. உடனே துவாயால் ஈரம் ஒற்றி, தாயின் வயிற்றோடு விட்டீங்கள்: இந்த வயதில் குட்டி தன் உடம்புச் சூட்டைத் தானே காக்காது, தெள்ளைவிடக் குளிர் கெதியாய்க் கொல்லும்.

குட்டிகளின் முரசையும் (பல் ஈறு) பார்த்தீங்கள், தெள்ளு இரத்தம் குடித்துக் குறைந்தால் அது வெளிறும். வெளிறியிருந்த ஒன்றை மிருக வைத்தியரிடம் கொண்டுபோனதும் நீங்கள்தான், காசும் வாங்கவில்லை.

தாய்நாய்க்கு, அது பால் கொடுக்கும் காலத்திலும் பாதுகாப்பான தெள்ளு மருந்தை வைத்தியரே தந்தார். குட்டிகள் படுத்த சாக்கை எரித்தாயிற்று; தெள்ளு முட்டை அங்கேதானே உதிரும். இப்போது பழந்துணி, கொதிநீரில் அவித்து மாற்றுகிறோம். கூட்டுப்புழுவிலிருந்து பிறகும் தெள்ளு வெளிவரும் என்பதால் சீப்பு தினமும் ஓடுது.

அண்ணா, வெளிறின குட்டி பால் குடிக்குது. வந்து பாருங்கோ.