கல்வாழையும் சதுப்பு வாயுவும்

அன்புள்ள முருகேசா,

நாலு மாதமாகப் பதில் போடாதது என் தப்புதான். அண்ணிக்கு மூட்டுவலி தேவலையா? இங்கே எல்லோரும் சௌக்கியம். சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

எங்கள் குடியிருப்பின் பின்பக்கம் ஜல்லி நிரப்பி, கல்வாழையும் சம்பங்கோரையும் நட்டு, செப்டிக் டேங்க் தண்ணீரை அதன் வழியாக விட்டோமே, "சாக்கடைக்குப் பூந்தோட்டமா" என்று கேலி செய்தாயே, அதேதான். தண்ணீர் தெளிந்துதான் வருகிறது. முன்பெல்லாம் கழிவுநீருக்குக் காற்றடிக்கும் மோட்டார் ராப்பகலாக ஓடும், கரண்ட் போனால் டீசல். இப்போது இரண்டும் மிச்சம். கிரிக்கெட் ஆட இடம் போச்சென்று பையன்கள் திட்டுவது தனி. அந்தத் தெம்பில், சங்கக் கூட்டத்தில் "இது பூமிச் சூட்டைக் குறைக்கும்" என்று முழங்கிவிட்டேன்.

போன மாதம் ஜல்லி அடைத்துக்கொண்டு தண்ணீர் மேலே தேங்கியது. ஒரே நாற்றம். குனிந்து பார்த்தால் குமிழ் குமிழாக வருகிறது. சதுப்பு வாயு! யாரை அப்படிக் கூப்பிட்டோம் என்று நினைத்துத் தனியாகச் சிரித்தேன். அப்புறம் சிரிப்பு போய்விட்டது. சதுப்பு வாயு என்றால் மீத்தேன்தானே! அது 100 ஆண்டுக் கணக்கில் பார்த்தால் கரியமில வாயுவைப்போல ஏறத்தாழ 27 மடங்கு சூடேற்றும். 20 ஆண்டுக் கணக்கென்றால் சுமார் 80 மடங்கு.

வேடிக்கை என்னவென்றால், காற்றில்லாத சேற்றில் செத்த வேர் சீக்கிரம் மட்காது, அதிலுள்ள கரி, அதாவது கார்பன், அங்கேயே தங்கிவிடும். நான் முழங்கியது இதைத்தான். ஆனால் காற்றில்லாத இடம்தான் மீத்தேன் உண்டாக்கும் நுண்ணுயிருக்கும் கல்யாண வீடு. போதாததற்குச் சம்பங்கோரையின் உள்ளெல்லாம் காற்றறைகள். வேருக்குக் காற்று இறங்கும் வழியிலேயே இந்த வாயுவும் ஏறி வெளியே போய்விடுகிறது.

தண்ணீரை மேலிருந்து இடைவெளி விட்டு ஊற்றினால் நடுநடுவே தண்ணீர் வடிந்து, ஜல்லிக்குள் காற்று புகும், மீத்தேன் குறையும். ஆனால் கழிவிலுள்ள நைட்ரஜன் அரைகுறையாக மாறி நைட்ரஸ் ஆக்சைடு கிளம்பினால்? அந்த வாயு, அதே 100 ஆண்டுக் கணக்கில், கரியமில வாயுவைப்போல 273 மடங்கு சூடேற்றும். கிணற்றுக்குத் தப்பித் துரவில் பாய்ந்த கதை!

அதற்காகப் பிடுங்கிப் போடமாட்டேன். இதே கழிவு திறந்த ஓடையில் கிடந்தாலும் மீத்தேன் வரத்தான் செய்யும். செப்டிக் டேங்கிலிருந்து வரும் மீத்தேனை மட்டும் யார் கேட்டார்கள்? கூட்டத்தில் பாதியை விழுங்கிவிட்டுப் பேசினேனே, அதுதான் உறுத்துகிறது.

உன் தோப்பில், தொட்டி நிரம்பியதும் மோட்டார் இல்லாமல் தானே கொட்டுகிற சைஃபன் ஒன்று வைத்தாயே, அதைப் படம் போட்டு அனுப்பு. ஞாயிறு மறுபடி கூட்டம், அதற்குள் வேண்டும். குழாய் அளவை மறக்காமல் எழுது. போன தடவை மாதிரி "உத்தேசமாக" என்றால் நேரில் வந்து உதைப்பேன்.

உன்,
ராமு