பேட் மாற்றும்போது டிஸ்க்கையும் அளக்க வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

கந்தப்பளையிலிருந்து கரட்டும் லீக்ஸும் ஏற்றிக்கொண்டு வாரத்தில் மூன்று நாள் கம்பளைக்கு இறங்குகிறவன் நான். வண்டி 1994ஆம் ஆண்டு ஹைலக்ஸ் கெப். நுவரெலியா 1,868 மீட்டர் உயரம். கம்பளை 500 மீட்டர்கூட இல்லை. இரண்டாம் கியரிலேயே இறங்கினாலும் லபுக்கலை, ரம்பொடை வளைவுகளில் முன் பிரேக்குக்கு ஓய்வே இராது.

போன மழைக்காலத்தில் பிரேக்கில் கால் வைத்தாலே ஸ்டியரிங் கிடுகிடுவென்று ஆடத் தொடங்கியது. கராஜில் காட்டினேன். பிரேக் பேட், அதாவது சக்கரத்தோடு சுழலும் டிஸ்க் என்ற இரும்புத் தட்டைக் கவ்விப் பிடிக்கும் கட்டை, தேய்ந்துவிட்டது என்று மாற்றித் தந்தார்கள். ஒரு மாதம் சரியாக இருந்தது, அப்புறம் அதே ஆட்டம். இரண்டாம் தடவை டிஸ்க்கை லேத்தில் கொடுத்துக் கடைந்து, இன்னொரு சோடி பேட் போட்டார்கள். டிஸ்க் எத்தனை மில்லிமீட்டர் மிச்சம் இருக்கிறது என்று யாரும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

ஆட்டம் மூன்றாம் தடவையும் வந்தபோது, கராஜ் வேலை பழகிய என் மருமகன் வீட்டு முற்றத்திலேயே ஜாக்கி அடித்துச் சக்கரத்தைக் கழற்றினான். டிஸ்க்கின் வெளிப்பக்கம் வழவழவென்று நன்றாகத்தான் தெரிந்தது. "மாமா, உள்பக்கம் விரலை விட்டுப் பாருங்க" என்றான். விளிம்பில் வரப்பு மாதிரி ஒரு மேடு. நகம் தடுக்கி நின்றது. டோர்ச் அடித்துப் பார்த்தால் நீலம் பூத்த திட்டுகள், அவற்றின் மேல் மயிரிழை வெடிப்புகள். பேட்டை டிஸ்க்கில் அழுத்தும் கெலிபரின் உள்பக்கப் பிஸ்டன் இரண்டும் துருவில் இறுகி, பேட் டிஸ்க்கை விடாமல் உரசிக்கொண்டே இருந்திருக்கிறது.

கனம் அளக்கும் வேர்னியரை அப்படியே மாட்டினால் அந்த மேட்டில்தான் போய் உட்காரும், தேய்மானம் தெரியாது. மருமகன் டிஸ்க்கின் இரு பக்கமும் ஒவ்வொரு ஐந்து ரூபாய்க் குற்றியை வைத்து அளந்து, பிறகு குற்றிகளின் கனத்தைக் கழித்தான். இடது 16.8 மில்லிமீட்டர், வலது 17.5. கம்பி பிரஷால் துருவைத் தேய்த்தபோதுதான், குறைந்த அளவு 18 என்று டிஸ்க்கிலேயே பொறித்திருப்பது தெரிந்தது. புதிதில் அது 20.

மெலிந்த டிஸ்க்கில் சூட்டைத் தாங்க இரும்பு போதாது. சூடு கெலிபருக்கு ஏறி, ஈரம் இழுத்த பழைய பிரேக் ஒயில் கொதித்துவிட்டால் பெடல் அடிவரைக்கும் போகும், வண்டி நிற்காது. 2025 மே 11ஆம் திகதி இதே பாதையில், கொத்மலை கெரண்டிஎல்லயில் பஸ் பள்ளத்தில் விழுந்து 20க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அந்த விபத்தின் காரணத்தைப் பற்றி நான் பேச வரவில்லை. ஆனால் 16.8 மில்லிமீட்டர் டிஸ்க்கோடு, முதுகில் ஒரு டன் கரட்டோடு, அதே இடத்தைக் கடந்து போய்க்கொண்டிருந்தேன் என்று நினைத்தால் இன்னும் நெஞ்சு பதறுகிறது.

இந்த மாடலில் டிஸ்க், சக்கரம் மாட்டும் ஹப்புக்குப் பின்னால் போல்ட் போட்டு இருக்கும். ஹப்பையே இறக்க வேண்டும், பெயாரிங்கைக் கழுவிப் புது கிறீஸ் அடைக்க வேண்டும், ஒயில் சீல் மாற்ற வேண்டும். அரை நாளுக்கு மேல் வேலை. அதனால்தான் கராஜ்களில் டிஸ்க்கைத் தொடத் தயங்குகிறார்கள் என்று நினைக்கிறேன். ஒரு பக்கம் மட்டும் மாற்றினால் வண்டி இழுக்கும் என்பதால் கொழும்பு பஞ்சிகாவத்தையில் சோடியாகவே வாங்கினேன். துருப்பிடிக்காமல் பூசியிருந்த எண்ணெயைச் சுத்தமாகத் துடைத்து மாட்டினோம். கெலிபருக்குச் சீல் கிட், புது பிரேக் ஒயில். வெறும் வண்டியாகப் பத்துப் பதினைந்து தடவை மெதுவாகப் பிரேக் பிடித்துப் பழக்கிய பிறகே பாரம் ஏற்றினேன்.

வருட லைசனுக்காகப் புகைப் பரிசோதனைக்குப் போகிறோம். அங்கே புகையைத்தான் பார்ப்பார்கள், பிரேக்கைப் பார்ப்பதில்லை. ஆகவே மலையகத்தில் கராஜ் நடத்துகிறவர்களிடம் கேட்கிறேன்: பேட் மாற்றும்போது இரண்டு டிஸ்க்கையும் அளந்து, அந்த அளவைப் பில்லில் எழுதிக் கொடுங்கள். 18க்குக் கீழே போகும் டிஸ்க்கை லேத்துக்கு அனுப்பாதீர்கள். சாரதிமாரும் அந்த அளவைக் கேட்டு வாங்க வேண்டும். வேறு வண்டியென்றால் அதன் டிஸ்க்கில் பொறித்திருக்கும் அளவைப் பாருங்கள்.

எங்கள் லயத்துப் பிள்ளைகளை நுவரெலியாப் பாடசாலைக்கு ஏற்றிப் போவதும் ஒரு பழைய வேன்தான். வருகிற ஞாயிற்றுக்கிழமை அதன் முன் சக்கரங்களைக் கழற்றிப் பார்க்கச் சாரதி சம்மதித்திருக்கிறார்.

இப்படிக்கு,
மரக்கறி கெப் சாரதி ஒருவர்,
கந்தப்பளை