காட்டாத சொல்லுக்குக் கட்டணம் வேண்டாம்: தேடுபொறி நிறுவனங்களின் விளம்பரப் பிரிவுகளுக்கு ஒரு திறந்த மடல்

இந்தியாவில் தேடுபொறி விளம்பரச் சேவை நடத்தும் நிறுவனங்களின் பொறுப்பாளர்களுக்கு,

வணக்கம்.

நாச்சியார்கோவிலில் பித்தளைக் குத்துவிளக்கு வார்க்கும் சிறிய பட்டறை எங்களுடையது. கடைகளுக்குக் கொடுத்தது போக, இணையம் வழியாகவும் விற்கிறோம். அதற்காக உங்களில் ஒருவரிடம் சில ஆண்டுகளாக விளம்பரம் செய்துவருகிறேன். அந்த நிறுவனத்தின் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. என் கோரிக்கை உங்கள் எல்லோருக்கும் உரியது. விளம்பரதாரர் தேர்ந்தெடுக்கும் சொல்லான கீவேர்டு, அந்தச் சொல்லுக்கான ஏலம், விளம்பரத்தை ஒருவர் அழுத்தினால் எடுக்கப்படும் கிளிக் கட்டணம் ஆகியவற்றை உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. கேட்க வந்தது ஒன்றுதான்: எந்தத் தேடலுக்காக என் பணத்தை எடுத்தீர்கள் என்று எனக்குக் காட்டுங்கள். காட்ட முடியாவிட்டால் அந்தத் தேடலுக்குப் பணம் எடுக்காதீர்கள்.

கார்த்திகைக்கு முந்தைய வாரங்கள்தான் எங்களுக்கு வியாபாரக் காலம். கடந்த ஆண்டு அந்த நேரம் பார்த்து விளம்பரப் பிரிவிலிருந்து ஒருவர் தொலைபேசியில் அழைத்தார். மரியாதையாகத்தான் பேசினார். செயற்கை நுண்ணறிவில் இயங்கும் புதிய கருவி வந்திருக்கிறது, நான் கொடுத்த கீவேர்டுகளோடு நிற்காமல் வாங்கக்கூடியவர்களை அதுவே தேடிப் பிடிக்கும் என்றார். என் கணக்கின் 'மதிப்பெண்' குறைவாக இருப்பதாகத் திரையும் நாள்தோறும் சொல்லிக்கொண்டிருந்தது. கருவியை இயக்கினோம். நாள் ஒன்றுக்கு ஒதுக்கிய தொகை மதியத்துக்குள் தீர்ந்துபோகத் தொடங்கியது. ஆர்டர் கூடவில்லை.

மாத முடிவில் பில் வந்தது. 18% ஜிஎஸ்டி பைசா பிசகாமல் போடப்பட்டிருந்தது. எந்தத் தேடல்களில் என் விளம்பரம் அழுத்தப்பட்டது என்று காட்டும் தேடல் சொல் அறிக்கையைத் திறந்தேன். முதல் சில வரிகளில் 'குத்துவிளக்கு விலை', 'நாச்சியார்கோவில் விளக்கு' என்று எதிர்பார்த்தவை இருந்தன. அவற்றுக்குக் கீழே 'கனவில் விளக்கு எரிவதைக் கண்டால் என்ன பலன்', 'மாலையில் விளக்கேற்றும் நேரம்', 'பூஜையில் விளக்கு அணைந்தால் நல்லதா'. கனவுக்குப் பலன் தேடும் ஒருவர் எங்கள் பக்கத்துக்கு வந்து என்ன செய்வார்? வந்த வேகத்தில் திரும்பிப் போவார். அவர் வந்து போனதற்கு எங்கள் பட்டறை பணம் கட்டியிருக்கிறது.

இதையாவது பொறுத்துக்கொள்ளலாம். கண்ணில் பட்டுவிட்டதால் நெகட்டிவ் கீவேர்டாக, அதாவது விளம்பரம் காட்ட வேண்டாத சொல்லாகப் போட்டு, அடுத்த நாள் முதல் நிறுத்திவிட முடியும். என்னால் பொறுக்க முடியாதது அந்த அறிக்கையின் கடைசி வரி. 'மற்ற தேடல் சொற்கள்' என்று இருந்தது. பக்கத்தில் கிளிக் எண்ணிக்கை இருந்தது, தொகை இருந்தது. சொல் மட்டும் இல்லை. மேலே இருந்த எல்லா வரிகளையும் கூட்டினாலும் அந்த ஒற்றை வரியில் போன பணத்தை எட்டவில்லை. அந்த வரியின் மேல் அழுத்திப் பார்த்தேன், எதுவும் திறக்கவில்லை. உதவி மையத்துக்கு எழுதினேன். தனியுரிமை காரணமாகக் காட்ட இயலாது என்று பதில் வந்தது. எந்தச் சொல் என்றே தெரியாதபோது எந்தச் சொல்லை நான் விலக்குவேன்?

எங்கள் தொழிலைக் கொஞ்சம் சொல்கிறேன். காவிரியின் வண்டல் மண்ணில் அச்சு எடுத்து, பித்தளையை உருக்கி ஊற்றி, ஆறியபின் பிரித்து, கடைசல் பிடித்து, அடிப்பாகம், தண்டு, தட்டு, உச்சியில் அன்னம் என்று ஒவ்வொன்றாகத் திருகிச் சேர்த்தால்தான் ஒரு விளக்கு. புவிசார் குறியீடு பெற்ற பொருள் இது. எடை போட்டுத்தான் விற்கிறோம். தராசு வாங்குபவரின் கண்முன் இருக்கும். முள்ளை அவர் பார்த்த பிறகே காசு வாங்குவோம். உங்கள் தராசை மட்டும் ஏன் திரை போட்டு மறைக்கிறீர்கள்?

உங்கள் தொழில் இப்படித் தொடங்கவில்லை. 1998இல் கோடூ.காம் என்ற தேடுபொறி, கிளிக்குக்கு இவ்வளவு என்று சொற்களை ஏலம் விட்டபோது, விளம்பரதாரர் கொடுக்கும் தொகையையே தேடல் முடிவின் பக்கத்தில் போட்டது. தேடிய யாரும் அதைப் பார்க்க முடிந்தது. 2000 அக்டோபரில் கூகுள் தன் விளம்பரச் சேவையான ஆட்வேர்ட்ஸைத் தொடங்கியது. அதன் அடிப்படையும் விளம்பரதாரர் தானே சொல்லைத் தேர்ந்தெடுப்பார் என்பதுதான். பிறகு, கொடுத்த சொல்லுக்கு மட்டுமே விளம்பரம் காட்ட வேண்டிய 'எக்ஸாக்ட் மேட்ச்' முறைக்குள்ளேயே நெருங்கிய சொற்களையும் சேர்த்துக்கொண்டார்கள். 2020 செப்டம்பரில், கணிசமான பேர் தேடிய சொற்களை மட்டுமே இனி அறிக்கையில் காட்டுவோம் என்று கூகுள் அறிவித்தது. 2025 மே மாதம் அறிவிக்கப்பட்ட ஏஐ மேக்ஸ் என்ற கூகுளின் செயற்கை நுண்ணறிவு விளம்பர வசதி, கீவேர்டே இல்லாமலும் தேடல்களோடு விளம்பரத்தைப் பொருத்துகிறது; தலைப்பையும் தானே மாற்றி எழுதுகிறது. ஊரே பார்க்கக்கூடியதாக இருந்த கணக்கைப் பணம் கட்டுகிறவனே பார்க்க முடியாத இடத்துக்குக் கொண்டுவந்துவிட்டீர்கள்.

'கணிசமான பேர் தேடிய சொல்' என்ற அளவுகோல் தமிழில் விளம்பரம் செய்கிறவர்களை எப்படிப் பாதிக்கிறது என்று யோசித்தீர்களா? ஒரே பொருளை எங்கள் மக்கள் தமிழ் எழுத்தில் தேடுவார்கள், ஆங்கில எழுத்தில் தமிழைத் தட்டித் தேடுவார்கள், இடைவெளி விட்டும் விடாமலும் தேடுவார்கள், வேற்றுமை உருபு சேர்த்தும் தேடுவார்கள். ஆட்கள் சிதறிவிடுவதால் ஒவ்வொரு வடிவத்தையும் தேடியவர்கள் சிலராகவே இருப்பார்கள். அத்தனையும் கடைசி வரிக்குள் போய்விடும். ஒவ்வொரு நாளும் நடக்கும் தேடல்களில் சுமார் 15% அதற்கு முன் யாரும் தேடாதவை என்று கூகுளே பல ஆண்டுகளாகச் சொல்லிவருகிறது. இப்போது செயற்கை நுண்ணறிவுத் தேடல் வந்தபின், ஆளிடம் பேசுவதுபோல நீளமாகக் கேட்கும்படி மக்களைப் பழக்குகிறீர்கள். நீளமான கேள்வி எதுவும் இன்னொருவருடைய கேள்வியைப் போல இருக்காது. அந்தக் கடைசி வரி இனி வளரத்தான் போகிறது. என் கவலை முழுவதும் அதுதான்.

தனியுரிமையை நான் மதிக்கிறேன். தேடியவர் யார், எந்த ஊர், எந்தத் தொலைபேசி என்று நான் கேட்கவில்லை. பெயரோ எண்ணோ முகவரியோ இருந்தால் அந்தப் பகுதியை மட்டும் மறையுங்கள். 'கனவில் விளக்கு' என்பதில் யாருடைய ரகசியம் இருக்கிறது? இன்னொன்றும் கேட்கிறேன். 2023இல் கூகுள் திறந்த விளம்பர வெளிப்படைத்தன்மை மையத்தில், எந்த விளம்பரதாரர் என்னென்ன விளம்பரம் காட்டுகிறார் என்று யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். நல்ல ஏற்பாடு; பொதுமக்களுக்குத் தேவையானது. என் விளம்பரத்தை என் போட்டியாளர் பார்க்க முடிகிறது. அதற்கு நான் கட்டிய பணம் எந்தச் சொல்லுக்குப் போனது என்று நான் பார்க்க முடியவில்லை. இது எந்த வகையில் நியாயம்?

நீதிமன்றம் வரை இந்த விஷயம் போயிருப்பதை நீங்கள் அறிவீர்கள். 2024 ஆகஸ்ட் 5 அன்று அமெரிக்க நீதிபதி அமித் மேத்தா, பொதுத் தேடலிலும் தேடல் எழுத்து விளம்பரங்களிலும் கூகுள் சட்டவிரோதமாக ஏகபோகத்தைக் காத்துக்கொண்டது என்று தீர்ப்பளித்தார். தேடல் சொல் விவரங்கள் குறைக்கப்பட்டதும் அந்த வழக்கில் பேசப்பட்டது. ஆனால் 2025 செப்டம்பரில் பரிகாரங்களை அறிவித்தபோது, தேடல் வாரியான விவரங்களை விளம்பரதாரர்களுக்குக் கூடுதலாகக் கொடுக்கும்படி அவர் உத்தரவிடவில்லை. பழைய 'எக்ஸாக்ட் மேட்ச்' முறையைத் திருப்பிக் கொண்டுவரவும் சொல்லவில்லை. எனவே யாரும் உங்களைக் கட்டாயப்படுத்தவில்லை என்பது எனக்குத் தெரியும். கட்டாயப்படுத்தினால்தான் கணக்குக் காட்டுவோம் என்பது பெரிய நிறுவனங்களுக்கு அழகா?

தேடுகிறவர்கள் பக்கமும் பாருங்கள். கனவுக்குப் பலன் தேடியவருக்கு எங்கள் விளக்கு விளம்பரம் இடைஞ்சல்தான். நாச்சியார்கோவில் விளக்கு வேண்டும் என்று தேடி வருகிறவருக்கோ, அதிகப் பணம் கட்டிய வேறு யாருடைய வார்ப்போ முதலில் தெரிகிறது. மேலே விளம்பரங்கள், அதற்கடுத்து இயந்திரம் எழுதிய சுருக்கம், பிறகு மறுபடியும் விளம்பரம். கைபேசித் திரையில் உண்மையான தேடல் முடிவைப் பார்க்க எவ்வளவு தூரம் விரலால் தள்ள வேண்டியிருக்கிறது! வயதானவர்களுக்கு எது விளம்பரம், எது விடை என்றே தெரிவதில்லை. பழைய பக்கத்தைச் சேமிப்பிலிருந்து பார்க்க உதவிய 'கேஷ்' இணைப்பையும் 2024இல் கூகுள் எடுத்துவிட்டது. ஒவ்வொரு புதிய வசதியும் வரும்போது பழைய வசதி ஒன்று சொல்லாமல் போய்விடுகிறது. மக்களைக் கேட்டுத்தான் இதையெல்லாம் செய்கிறீர்களா? விற்கிறவனுக்கும் பயனில்லாமல் தேடுகிறவனுக்கும் பயனில்லாமல் ஒரு கிளிக் நடக்கிறதென்றால், அதில் லாபம் யாருக்கு?

கோபம் கொஞ்சம் மீறிவிட்டது, பொறுத்துக்கொள்ளுங்கள். உங்கள் சேவை வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் இருக்கும் தமிழ்க் குடும்பங்கள் எங்கள் விளக்கைக் கண்டுபிடித்தது தேடுபொறி வழியாகத்தான். 2018இல் கூகுள் தமிழில் விளம்பரம் செய்ய வழி திறந்தபோது எங்களைப் போன்றவர்கள் மகிழ்ந்தோம். அந்த வழி அடைபட்டுவிடக் கூடாது என்பதால்தான் எழுதுகிறேன்.

என் வேண்டுகோள் இதுதான். ஒவ்வொரு மாத பில்லோடும், பணம் எடுக்கப்பட்ட தேடல் சொற்கள் அனைத்தையும், தமிழில் தேடப்பட்டவற்றைத் தமிழ் எழுத்திலேயே, பட்டியலாகக் கொடுங்கள். தனிநபர் விவரம் இருக்கும் இடத்தை மறைத்துக்கொள்ளுங்கள். அப்படியும் காட்ட முடியாத சொல் என்று ஒன்று இருந்தால், அதற்கான கிளிக்கை இலவசமாக விடுங்கள். புதிய கருவியை இயக்கச் சொல்லி அழைக்கும் உங்கள் பிரதிநிதிகள், இந்தக் கடைசி வரியைப் பற்றியும் எங்களிடம் முதலிலேயே சொல்லட்டும்.

அடுத்த கார்த்திகைக்கு முன் இதைச் செய்துதருமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
நாச்சியார்கோவில் விளக்குப் பட்டறைக்காரர் ஒருவர்