உகந்தை வழியில் நடக்கும் தம்பிக்கு ஒரு கடிதம்

அன்புள்ள தம்பி,

மட்டக்களப்புக் கோட்டையைப் பார்த்துவிட்டு, பொத்துவில் வரை வாகனத்தில் போய், அங்கிருந்து பாணமை ஊடாக முருகன் கோவில் இருக்கும் உகந்தை வரை கரையோரமாக நீர் அழைத்துச் சென்ற நடைபயணத்தில், போன மாதம் நானும் ஒருவனாக வந்தேன். என்னிடம் வரலாறு படித்த பிள்ளை பத்துப் பேரைப் பொறுப்போடு வழிநடத்துவதைப் பார்த்து மனம் நிறைந்து வீடு திரும்பினேன்.

பாணமைக்கு அப்பால் விடிகாலையில் நீர் கையை உயர்த்தி எங்களை நிறுத்திய இடம் இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது. மணலில் கிடந்த யானை இலத்தியில் இருந்து ஆவி எழுந்துகொண்டிருந்தது. காற்று எந்தப் பக்கம் வீசுகிறது என்று பார்த்து, கால் மணி நேரம் ஒருவரையும் பேச விடாமல் காக்க வைத்தீர். கடலாமை ஏறி வந்த தடத்தின் முடிவில் இருந்த குழியை ஒருவர் தடியால் கிளற முனைந்தபோது, கோபப்படாமல் அந்தத் தடியை வாங்கிக்கொண்டீரே, அந்தப் பக்குவம் எல்லோருக்கும் வாய்க்காது.

ஆனாலும் கோட்டையில் நீர் காட்டிய அவசரம் எனக்குக் குறையாகவே பட்டது. 1628 இல் போர்த்துக்கேயர் கட்டினார்கள், 1638 இல் ஒல்லாந்தர் பிடித்தார்கள் என்று இரண்டு ஆண்டுகளைச் சொல்லிவிட்டுப் பீரங்கியோடு படம் எடுக்க விட்டுவிட்டீர். கண்டி மன்னன் இரண்டாம் இராஜசிங்கனோடு கூட்டுச் சேர்ந்து ஒல்லாந்தர் இலங்கையில் முதன்முதலாகக் கைப்பற்றிய கோட்டை இதுதான் என்பதையும், காலி அவர்கள் கைக்குப் போனது 1640 இல், யாழ்ப்பாணம் போனது 1658 இல் என்பதையும் சொல்லியிருந்தால், புளியந்தீவில் வாவியை ஒட்டி நிற்கும் அந்தச் சிறிய கோட்டையின் கனம் வந்தவர்களுக்கு விளங்கியிருக்கும். அதைவிட எனக்குப் பெரிதாகத் தோன்றுவது இன்னொன்று: போர்த்துக்கேயர் அந்தக் கோட்டையை வைத்திருந்தது பத்தே ஆண்டுகள், ஆனால் அவர்கள் விட்டுப்போன மொழியின் ஒரு வடிவம் போர்த்துக்கேய வழிவந்த நம் ஊர்ப் பறங்கியர் சிலருடைய வீடுகளில் இன்றும் பேசப்படுகிறது. கல்லில் இருப்பதைக் காட்டும்போது நாவில் இருப்பதையும் சொல்லும்.

இந்தக் கடிதத்தை எழுத வைத்தது அதுவுமல்ல. உகந்தையை நெருங்கும்போது ஓர் அம்மா, "இந்தப் பாதையை யார் வகுத்தது?" என்று கேட்டார். எங்கள் குழுதான் என்றீர். தம்பி, யாழ்ப்பாணத்துச் செல்வச்சந்நிதி முருகன் கோவிலில் இருந்து வெருகல், மண்டூர், திருக்கோவில், உகந்தை என்று கதிர்காமத்துக்கு நடந்த அடியார்களின் வழி அது. வெள்ளைக்காரன் 1795 இல் மட்டக்களப்புக்கு வந்தபோதும் அதற்குப் பிறகும் நம் முன்னோர் நடந்த வழி. போர்க்காலத்தில் நின்று, பிறகு மீண்ட வழி. வேலும் துணிமூட்டையுமாக நடந்த கிழவிகளுக்கும், பசித்தவருக்கு வழியில் சோறு போட்ட ஊர்களுக்கும் உரிய பெருமையைத் தெரியாமல்கூட நாம் எடுத்துக்கொள்ளக் கூடாது. அந்தக் கேள்வியை அடுத்த முறை யாரும் கேட்கும்வரை காத்திராமல், பொத்துவிலில் முதல் அடி வைக்கும்போதே சொல்லிவிடும்.

உகந்தைக்கு அப்பால் குமண தேசியப் பூங்கா என்பதால் அங்கே வாகனத்தில் ஏற்றினீர், அது சரியான முடிவு. யாத்திரைக் காலத்தில் மட்டுமே அந்தக் காட்டுவழி நடப்பவர்களுக்குத் திறக்கப்படுகிறது என்பதையும், கும்புக்கன் ஆற்றைக் கடந்து அவர்கள் யால காட்டுக்குள் போகிறார்கள் என்பதையும் அந்த இடத்தில் நின்று சொன்னால், கூழைக்கடாவையும் நாரையையும் பார்க்கப் போகிறவர்கள் அந்த மணலை வேறு கண்ணோடு பார்ப்பார்கள்.

வறண்ட கச்சான் காற்று வீசும் காலத்தில் வெயில் ஏறுமுன் நடையை முடித்துவிடும். தண்ணீரை இன்னும் கூடுதலாகச் சுமக்கச் சொல்லும். யாத்திரைக்குக் காட்டுவழி திறக்கும் நாளில் நான் உகந்தை முருகன் கோவில் வாசலில் இருப்பேன். உம்முடைய ஆட்களை அன்று அங்கே கூட்டி வந்தால், நடந்து வரும் அடியார்களோடு அவர்களையே பேச வைக்கலாம்.

அன்புடன்,
உமது பழைய வரலாற்று ஆசிரியர்
கல்லடி