பாதித் துளை விழுந்த மணி

அன்புள்ள அம்மணிக்கு,

அப்பா எழுதுகிறேன். இங்கே எல்லோரும் சுகம். சென்னிமலையில் இரண்டு நாளாக நல்ல மழை. தறிக்குழியில் தண்ணீர் ஊறிவிட்டதால் வேலை இல்லை. பீரோவை ஒழித்துக்கொண்டிருந்தேன். உன் பழைய ஜாமெட்ரி டப்பா கிடைத்தது. உள்ளே பஞ்சில் சுற்றியபடி அந்தச் சூதுபவள மணி, அதுதான் அந்தச் சிவப்புக் கல் மணி.

நீ நாலாவது படிக்கும்போது நொய்யல் கரையில் இருக்கும் கொடுமணலுக்கு ஒரு விசேஷத்துக்குப் போயிருந்தோம். மழை விட்ட காட்டில் ஆட்டுக்குட்டியைத் துரத்திப் போனவள், சிவப்பாக ஒன்றைக் கையில் மூடிக்கொண்டு வந்தாய். ஓட்டை பாதியில் நின்றிருந்தது. "இதுல நூலே கோக்க முடியாதாப்பா?" என்று அழுதாய். அன்றைக்கு எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

முழுதாக முடிந்த மணி என்றால் எங்கிருந்தோ வாங்கி வந்தது என்று சொல்லிவிடலாம். பாதியில் நின்றதை யார் விலை கொடுத்து வாங்குவார்கள்? அதைச் செய்தவன் நொய்யல் கரையிலேயே உட்கார்ந்து செய்திருக்கிறான் கண்ணு. 1985 முதல் தமிழ்ப் பல்கலைக்கழகத்தார் அங்கே தோண்டியபோதும் இப்படி அரைகுறையாக நின்ற மணிகள் நிறையக் கிடைத்தன. பச்சைக்கல்லுக்குப் படியூர், நீலக்கல்லுக்குச் சிவன்மலை என்று எல்லாம் பக்கத்து ஊர்கள். சூதுபவளம் மட்டும் குஜராத் பக்கமிருந்து வந்திருக்கும் என்கிறார்கள். கொடுமணம் என்பது கொடுமணலின் சங்க காலப் பெயர். பதிற்றுப்பத்தின் 74ஆம் பாட்டு 'கொடுமணம் பட்ட வினைமாண் அருங்கலம்' என்கிறது. வினைமாண் என்றால் வேலைப்பாட்டில் சிறந்தது. கல்லைவிட வேலையை உயர்த்திச் சொன்ன அந்த வார்த்தை, தறியில் உட்காரும் எனக்கு ரொம்பப் பிடிக்கும்.

குஜராத்தின் கம்பாத்தில் இந்த வேலை இன்னும் கையால் நடக்கிறது. கல்லைச் சூடேற்றிச் சிவக்க வைத்து, கொம்புச் சுத்தியலால் தட்டிச் சில்லெடுத்து உருவாக்குவார்கள். துளைப்பதுதான் பெரும்பாடு. கோலின் நுனியில் பொடி வைரம் இரண்டு பதித்து, வில் நாணில் சுற்றி, தண்ணீர் சொட்டச் சொட்ட முன்னும் பின்னும் இழுப்பார்கள். ஒரே பக்கமாகத் துளைத்துக்கொண்டே போனால் மறுபக்கம் வெளியே வரும்போது கல் சிதறிவிடும். அதனால் பாதியில் நிறுத்தி, திருப்பிப் பிடித்து எதிர்ப்பக்கம் தொடங்க வேண்டும். இரண்டு துளையும் நடுவில் சந்திக்க வேண்டும், உள்ளே பார்க்கவும் முடியாது. கைதான் கண்.

உன் மணி திருப்பிப் பிடிக்கும் முன்பே நின்றுபோனது. ஏன் நின்றதோ! டார்ச் அடித்துப் பார்த்தேன், உள்ளே வளையம் வளையமாகக் கீறல் தெரிகிறது.

எந்தக் காடு, எந்த மூலை என்று அன்றே குறித்து வைக்காமல் எடுத்து வந்தது என் தப்பு. ஈரோடு அரசு அருங்காட்சியகத்தில் கொடுத்துவிடலாமா என்று பார்க்கிறேன். ஆனால் அது நீ எடுத்த மணி, உன்னைக் கேட்காமல் கொடுக்க மாட்டேன். ஞாயிற்றுக்கிழமை போன் பண்ணும்போது சொல். வேப்பமரத்துக்குத் தெற்கே எடுத்தாயா, கிணற்றுப் பக்கமா என்பதையும் யோசித்து வை. எழுதிச் சேர்த்தே கொடுக்க வேண்டும்.

அன்புடன்,
அப்பா